கதவு உண்டு, வழி இல்லை!



"கண்ணைச் சிமிட்டுக!" - கட்டளை பிறக்கிறது. கட்டளையிடுவது மன்னனல்ல, மந்திரவாதியுமல்ல. உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்று! வங்கியிலே கணக்குத் துவக்க வந்திருப்பவர் உயிருள்ள ஆள்தானா, அல்லது நிழற்படத்தைக் காட்டி எவரேனும் ஏய்க்கிறார்களா என்பதைக் கண்டறிய அந்தக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டுள்ள முறை அது. எதிரே நிற்பவரோ ஒரு பெண். அமிலம் வீசப்பட்டு, முகம் வெந்து, விழிகள் கருகி, அதற்குப் பிறகும் "வாழ்ந்தே தீருவேன்" என்று எழுந்து நின்ற வீராங்கனை. இமையசைக்க இயலாதவரிடம் இமையை அசை என்கிறது இயந்திரம்.

"நீ உயிரோடிருப்பதை மெய்ப்பித்துக் காட்டு!"

"உயிரோடிருப்பதால்தானே உன் எதிரிலே நிற்கிறேன்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணைச் சிமிட்டு!"

நாடகம் எழுதுகிறவன் கற்பனையை அவிழ்த்துவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். உரையாடல் என்னுடையது, நிகழ்ச்சி இந்த நாட்டினுடையது. 2023ஆம் ஆண்டில் பிரக்யா பிரசூன் என்ற பெண்மணிக்கு நேர்ந்தது இது. அதற்குப் பின் நடந்ததுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் செய்தி. அவர் குரலெழுப்பினார், சமூக ஊடகங்களிலே கண்டனம் எழுந்தது, வங்கி விழித்துக்கொண்டது. விழித்துக்கொண்டு என்ன செய்தது? விதியைத் திருத்தவில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தது!

விதிவிலக்கு! இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த ஞாயிறன்று நாம் சிந்திக்க வேண்டும்.

அந்தப் பெண்மணி தமக்குக் கிடைத்த சலுகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "எனக்குத் திறந்த கதவு, என்னைப் போன்ற பிறருக்கு எப்போது திறக்கும்?" என்ற கேள்வியோடு உச்சநீதிமன்றத்தின் படியேறினார். 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதியரசர் ஆர்.மகாதேவன், உடன் அமர்ந்தவர் நீதியரசர் பர்திவாலா. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பிரிக்கவொண்ணாத பகுதி என்று அத்தீர்ப்பு அறுதியிட்டது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும், இயந்திரம் தள்ளிய விண்ணப்பத்தை மனிதர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும், காகிதவழி முறையும் தொடர வேண்டும், இணையதளங்கள் காலந்தோறும் தணிக்கை செய்யப்பட வேண்டும் என்பன உள்ளிட்ட 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

ஏன் இவ்வளவு? "இணையதளம் என்ன, சோறா தண்ணீரா? அது இல்லாவிட்டால் வாழ முடியாதா?" என்று வினவும் நண்பர்கள் உளர். அவர்களைக் கேட்கிறேன்: குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க எங்கே செல்கிறீர்கள்? மகளின் கல்லூரி விண்ணப்பத்தை எங்கே நிரப்புகிறீர்கள்? மகனின் உதவித்தொகைக்கு எங்கே பதிகிறீர்கள்? மின்கட்டணம், ரயில் பயணச்சீட்டு, தேர்வுக்கூட நுழைவுச்சீட்டு, எரிவாயு உருளை - இவையனைத்தும் இன்று எந்தத் தெருவிலே விற்கப்படுகின்றன? இணையம் என்பதுதான் இன்றைய கடைத்தெரு, இன்றைய தாலுகா அலுவலகம், இன்றைய பள்ளிக்கூட வாயில். அந்தத் தெருவிலே நடமாட முடியாதவன் நாட்டிலே நடமாட முடியாதவனாகிறான்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, இந்நாட்டிலே 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள் என்றது. தமிழ்நாட்டிலே மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அவர்களிலே பார்வையற்ற மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் கணினியைக் காதால் படிக்கிறான். திரையிலுள்ள எழுத்துகளை ஒலியாக்கிக் கூறும் மென்பொருள் - ஸ்கிரீன் ரீடர் என்பார்கள் - அவனுக்குத் துணை. எழுத்து எழுத்தாக இருக்குமானால் அது தெளிவாகப் படித்துக் காட்டும். ஆனால் அரசாணையைக் காகிதமாகவே படம் பிடித்து ஏற்றியிருந்தால்? "படம்" என்று சொல்லிவிட்டு மௌனமாகும். பொத்தானுக்குப் பெயரிடாமல் விட்டிருந்தால்? "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று அடுக்கும். எந்தப் பொத்தான் விண்ணப்பத்தை அனுப்பும், எது அழிக்கும் என்று அவனுக்கு எவர் கூறுவது? ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் உருவைப் பொருத்திய பழைய எழுத்துருக்களிலே அடிக்கப்பட்ட கோப்பாக இருந்தாலோ, நம் கண்ணுக்கு அது நல்ல தமிழ். அவன் காதுக்குப் பொருளற்ற ஆங்கில உளறல்! கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டி, "நீ மனிதனென்றால் இதைப் படி" என்று கேட்கும் கேப்சா சோதனையோ, பார்க்க இயலாதவனை மனிதர் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறது.

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் கண்களென்று கண்டவர் வள்ளுவர். அந்தக் கண்களை அந்த மாணவன் அரும்பாடுபட்டுப் பெற்றிருக்கிறான். அவன் பெற்ற கண்ணையும் பறிக்கின்றன பொறுப்பின்றி அமைக்கப்பட்ட பக்கங்கள்.

அவன் மட்டுமா? காது கேளாதவருக்கு, எழுத்தில்லாத காணொளி ஊமைப்படம். கை நடுக்கமுடையவருக்கு, மௌஸ் கொண்டு மட்டுமே இயங்கும் பக்கம் எட்டாக்கனி. அறுபதைக் கடந்த நம் தாய்க்கும் தந்தைக்கும், சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து ஒரு புகைமூட்டம். இவற்றுக்கெல்லாம் தீர்வு தெரியாமலா போயிற்று? உலகளாவிய இணைய அமைப்பு 1999ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது, 2008இல் விரித்தது, 2018இலும் 2023இலும் புதுக்கியது. அதன் சாரம் நான்கே கட்டளைகள்: உணரத்தக்கதாக இருக்கட்டும், இயக்கத்தக்கதாக இருக்கட்டும், புரியத்தக்கதாக இருக்கட்டும், எந்தக் கருவியில் திறந்தாலும் நிலைக்கத்தக்கதாக இருக்கட்டும்.

1924இல் வைக்கத்திலே என்ன நடந்தது என்பது இந்த ஏட்டைப் படிப்போர்க்குப் புதிய செய்தியல்ல. கோயிலுக்குள்ளே நுழைவதற்குக்கூட அன்று போராட்டமில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது! பொதுப்பணத்தில் போட்ட தெரு. பொதுமக்கள் நடக்கும் தெரு. ஆனால் "நீ வராதே" என்றனர் ஒரு சாராரை. தந்தை பெரியார் சிறையேகினார். அன்று வழிமறித்தது வெறுப்பு. இன்று வழிமறிப்பது மறதி. இரண்டும் ஒன்றென்று நான் கூறமாட்டேன். சாதியின் கொடுமைக்கு உவமையாகும் கொடுமை வேறில்லை. ஆயினும், வெளியே நிற்பவனின் கால்களைக் கேட்டுப் பாருங்கள். வெறுத்துச் சாத்திய கதவுக்கும் மறந்து சாத்திய கதவுக்கும் அவை வேறுபாடு அறியா.

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது தோழர்களே, இருக்கிறது! 1995இல் ஒரு சட்டம் வந்தது. போக்குவரத்திலும் சாலையிலும் கட்டடத்திலும் வசதி செய்து தருவீர் என்றது. சொல்லிவிட்டு, பக்கத்திலேயே ஒரு வாசகத்தைச் செருகியது - "தத்தம் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு" என்று! உரிமையைத் தங்கத் தட்டிலே வைத்து, தட்டின் அடியிலே ஓட்டை போட்ட கதை. எந்த அலுவலகம் "எனக்குத் திறனிருக்கிறது" என்று தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும்?

2007 அக்டோபர் திங்களில் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் விளைவாக 2016இல் புதிய சட்டம் பிறந்தது. பழைய ஓட்டை அடைக்கப்பட்டது. கட்டடம், போக்குவரத்து, தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்றுக்கும் தரத்தை நிர்ணயித்து விதி செய்தே ஆகவேண்டும் என்றது 40ஆவது பிரிவு. அரசாயினும் தனியாராயினும், சேவை வழங்குவோர் அனைவரும் விதிகள் வெளிவந்த இரண்டாண்டுகளுக்குள் அவற்றின்படி நடக்க வேண்டும் என்றது 46ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2019 ஜூனில் முடிந்தது. ஆனால் வந்த விதியிலே என்ன இருந்தது? "வழிகாட்டு நெறிகள்" இருந்தன! சட்டம் "செய்தே தீர்க" என்றது; விதியோ "செய்தால் நன்று" என்று குழைந்தது. சிங்கம் கர்ச்சித்தது, எதிரொலியாக வந்ததோ பூனையின் குரல்!

இந்த முரண்பாட்டைத்தான் 2024 நவம்பர் 8ஆம் நாள், ராஜீவ் ரதூரி வழக்கிலே உச்சநீதிமன்றம் உடைத்தெறிந்தது. 15ஆவது விதியின் முதற்பகுதி மூலச்சட்டத்துக்கே முரணானது, செல்லாது என்றது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. சட்டம் பிறந்து எட்டாண்டுகள் கழிந்த பின்னர், "கட்டாயம் என்றால் கட்டாயம்தான்" என்று ஒரு நாட்டின் அரசுக்கு அதன் நீதிமன்றம் அகராதி படித்துக் காட்ட வேண்டியதாயிற்று!

பிற நாடுகளில் எப்படி என்று கேட்கிறீர்களா? ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2019இல் இயற்றப்பட்டு, 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கி, மின்வணிகம், மின்னூல், பயணச்சீட்டு ஆகியன அதன் ஆட்சிக்குள் வருகின்றன. விதிவிலக்கு அங்கும் உண்டு. சேவை வழங்கும் நிறுவனத்திலே பணிபுரிவோர் 10 பேருக்கும் குறைவு, ஆண்டு விற்றுமுதலோ ஆஸ்தி-பொறுப்புக் கணக்கின் மொத்தமோ 20 லட்சம் யூரோவுக்கு மிகாது என்றால், அதற்கு விலக்கு. இதை நான் குறைகூற மாட்டேன். தானும் தம்பியுமாக நடத்தும் சிறுகடைக்காரரின் தோளிலே, பன்னாட்டு நிறுவனத்தின் சுமையை ஏற்றுவது நீதியாகாது.

பெரிய நிறுவனமும் "அளவுக்கு மீறிய சுமை" என்று அங்கே வாதாடலாம். ஆனால் வாயால் சொன்னால் போதாது. செலவையும் பயனையும் எடைபோட்டு எழுதி, அந்த ஏட்டை ஐந்தாண்டுகள் பாதுகாத்து, அதிகாரி கேட்டால் காட்டியாக வேண்டும். இப்பணிக்கென வெளியாரிடம் பணம் பெற்றவர் அந்த வாதத்தையே எழுப்ப முடியாது. பொதுத்துறை இணையதளங்களுக்கென அதே ஒன்றியம் 2016இல் வகுத்த நெறியோ, முன்னுரிமை தரவில்லை, நேரமில்லை, தெரியவில்லை என்னும் மூன்றும் நியாயமான காரணங்களாகா என்று முகவுரையிலேயே சொல்லி வைத்தது. நம் அலுவலகங்களிலே நாள்தோறும் நாம் கேட்கும் மூன்று காரணங்களும் அவைதாமே!

அங்கும் ஓட்டை இல்லாமலில்லை. சட்டம் நடைமுறைக்கு வருமுன் நிறுவப்பட்ட பணம் வழங்கும் இயந்திரமும் பயணச்சீட்டு இயந்திரமும், அவற்றின் பயன்பாட்டுக் காலம் முடியும்வரை, உச்ச அளவாக 20 ஆண்டுகள்வரை, அப்படியே இருக்கலாமாம். அவ்வியந்திரம் நிறுவப்பட்ட நாளிலே பிறந்த குழந்தை வளர்ந்து வாக்களித்த பின்னும், பார்வையற்றவர் அதன் முன்னே கைபிசைந்து நிற்கலாம்! அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்கும் உணவகத்துக்கும் திரையரங்குக்கும் கடமை விதித்துவிட்டு, சமய நிறுவனங்களுக்கும் தனியார் மன்றங்களுக்கும் விலக்களித்தது. எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் ஆண்டவன் என்று முழங்குவோரின் இல்லத்துக்குத்தான், எல்லோரையும் அனுமதிக்கும் கடமை இல்லை! சிரிப்பதா, சிந்திப்பதா? இரண்டையும் செய்யலாம்.

ஆகவே தோழர்களே, விதிவிலக்கு என்ற சொல்லைக் கேட்டவுடனே சீறவும் வேண்டாம், சிரந்தாழ்த்தவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்பவன் இயலாதவனா, இஷ்டமில்லாதவனா? சுமை என்றால் கணக்கு எங்கே? எந்த நாள் வரை? இம்மூன்றுக்கும் விடையளிப்பது விதிவிலக்கு. விடையளிக்காதது ஏமாற்று.

நம் நாட்டிலே மற்றொரு குழப்பத்தையும் வேண்டுமென்றே விதைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், தனியொருவரின் தேவைக்கேற்பச் செய்துதரும் "நியாயமான வசதி"யைப் பற்றிய இலக்கணத்தில்தான், அளவுக்கு மீறிய சுமையாகாதபடி என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைத் தூக்கிவந்து, எல்லோருக்குமான பொது அணுகலின் தலையிலே கட்டப் பார்க்கிறார்கள். இரண்டும் வேறு. ஒரு ஊழியருக்கு மட்டும் தனி மேசை செய்து தருவது முன்னது. அலுவலகம் கட்டும்போதே வாயிலில் சாய்தளம் அமைப்பது பின்னது. பொது அணுகல் நிபந்தனையற்ற கடமை, சுமை என்று சொல்லி அதிலிருந்து நழுவ முடியாது என்று ஐ.நா. குழு 2014லேயே விளக்கமளித்துவிட்டது.

ஐரோப்பாவிலாவது விதிவிலக்கு பெற எழுதிக் காட்ட வேண்டும். இங்கோ, சட்டத்தில் எழுதாத விதிவிலக்கை எல்லோரும் அனுபவித்தார்கள்! எழுதப்பட்ட விலக்கை எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாத விலக்கை எங்கே போய்ப் பிடிப்பது? மீறினால் முதல்முறை 10,000 ரூபாய்வரை அபராதம். மறுமுறை 50,000 முதல் 5 லட்சம்வரை என்கிறது 89ஆவது பிரிவு. மாளிகை நடத்துவோர்க்கு அது தேநீர்ச் செலவு!

"செலவாகுமே" என்று பெருமூச்சு விடுவோர்க்கு ஒரு செய்தி. உலகெங்கும் பார்வையற்றோர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர், விலையின்றிக் கிடைப்பது. 2006இல் அதைத் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். தோள்கொடுத்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள்! பார்வையற்றவர் இருவர் உலகுக்கு ஒரு கருவியைக் கொடையாக வழங்கியிருக்கிறார்கள். அந்தக் கருவி படிக்கத்தக்கவாறு படத்தின் கீழே ஒரு வரி எழுத, பார்வையுள்ள நமக்குக் கை வரவில்லை என்றால், இயலாமை எவரிடம் இருக்கிறது?

"நமக்கு" என்றேன். தெரிந்துதான் சொன்னேன். டெல்லியைச் சாடுவது எளிது, சாடவும் வேண்டும். ஆனால் நம் வீட்டுத் திண்ணையையும் சற்றுப் பாருங்கள். தலைமைக் கழகத்தின் அறிக்கை வெளிவருகிறது. அதைப் படம்பிடித்து, படமாகவே ஊரெங்கும் அனுப்புகிறோம். மாவட்ட மாநாட்டு அழைப்பிதழ் - படம். வேட்பாளரின் வாக்குறுதி - படம். பொதுக்கூட்ட முழக்கம் - எழுத்தில்லாத காணொளி. இவற்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, பார்வையற்ற நம் தோழர் ஒருவர் மூலையிலே அமர்ந்திருக்கிறார். கழகத்துக்காகத் தொண்டை வறள முழக்கமிட்டவர். வாக்குச்சாவடிக்கு நம் கைபிடித்து வந்தவர். அவருடைய கருவி சொல்கிறது: "படம்." அடுத்தது: "படம்." பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார்: "தலைமை என்ன சொல்லியிருக்கிறது, தம்பி?" பக்கத்திலிருப்பவர் மூன்று வரியிலே முடித்துவிடுகிறார். சமத்துவம் பேசும் இயக்கத்தின் சொல்லையே இரவலாகக் கேட்க வேண்டிய நிலையில் அவரை வைத்திருப்பது எந்தச் சட்டம்? நாமே நமக்கு வழங்கிக்கொண்ட விதிவிலக்கு!

"ஊனமுற்றோர்" என்ற சொல்லை அகற்றி, "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லைக் கலைஞர் நாட்டுக்கு அளித்தார். உள்ளாட்சி மன்றங்களிலே அவர்களை நியமன உறுப்பினர்களாக அமர்த்தும் சட்டமுன்வரைவுகள் 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறின. மன்றத்திலே நாற்காலி தந்தால் போதுமா? தீர்மானத்தின் நகல் அவர் படிக்கும் வடிவிலே அவர் மேசைக்கு வரவேண்டாமா?

இரட்டைப்புலவர் கதை நாம் அறிந்ததே. ஒருவருக்குக் கால் இல்லை. மற்றவருக்குக் கண் இல்லை. கண்ணில்லாதவர் தோளிலே காலில்லாதவர் அமர்ந்து வழிசொல்ல, ஊர் ஊராகச் சென்று பாடினர். ஒருவர் பாட்டைத் தொடங்க மற்றவர் முடிப்பார். அவர்களிலே எவர் எவருக்குச் சலுகை காட்டினார்? எவருமில்லை. இருவரும் சேர்ந்ததால் ஒரு பயணம் உண்டாயிற்று. தமிழுக்குக் கவிதை கிடைத்தது.

எனவே, நாளைக் காலையிலேயே தொடங்கத்தக்க வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அறிக்கையைப் படமாக அனுப்பினால், அதன் கீழே எழுத்தாகவும் அனுப்புங்கள். ஒருங்குறி எழுத்திலே அனுப்புங்கள். படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். தலைவரின் பேச்சுக்கு எழுத்து வடிவம் சேருங்கள். உங்கள் பகுதியிலே பார்வையற்றவரும் செவிகேளாதவரும் எத்தனை பேரென்று கிளைக்கழகம் அறிந்திருக்கட்டும், வெளியிடுமுன் அவர்களிடமே காட்டி, "படிக்க வருகிறதா?" என்று கேட்கட்டும். உங்கள் நகராட்சியின் இணையதளத்தையும் அவர்களோடு அமர்ந்து திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் மனு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள். நம் வீட்டைச் சரிசெய்துவிட்டு எழுதும் மனுவுக்குத்தான் வலுவுண்டு.

பிரக்யா பிரசூனுக்கு வங்கி ஒரு விதிவிலக்கை நீட்டியது. அவர் அதைப் பெரிதென்று எண்ணவில்லை; விதி மாற வேண்டும் என்று வழக்காடினார். வலியவன் கடமையிலிருந்து தப்புவதற்கு ஒரு விதிவிலக்கு. எளியவனுக்கு இரக்கத்தோடு எறியப்படுவது மற்றொரு விதிவிலக்கு. இரண்டும் நமக்கு வேண்டாம். தெரு எல்லோருக்கும் பொது என்ற விதி ஒன்று போதும்!

அந்த விதியை முதலில் நம் வாயிலிலே எழுதுவோம், வாரீர்!